நேரம் எங்கே போகிறது? கடைத்தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ரசீதுக் கட்டோடு வருகிறவர்கள் கணக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள், நேரம் போதவில்லை என்று அரை மணி நேரம் பேசுவார்கள். தையல்காரர், முடிதிருத்துபவர், ஈப்போவுக்கு மோட்டாரில் வேலைக்குப் போய் வரும் பிள்ளைகள், இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் அதே புலம்பல்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டமும் வரியும் வரும் இடங்களில் உள்ளது உள்ளபடி. மற்றதெல்லாம் என் அபிப்பிராயம்.

காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓடுறேன் அக்கா, ஆனா ஒரு வேலையும் முடிஞ்ச மாதிரி தெரியல. எங்கே கோளாறு?

அது உங்களுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் மட்டும் எழுதிப் பாருங்கள். மணி என்ன, என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். எழுதுகிறோமே என்று அந்த வாரம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டாம். வழக்கம்போல இருங்கள்.

தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அப்படி எழுதிக்கொண்டு வந்து காட்டினார். ஒரு நாளின் காலைப் பகுதி இப்படி இருந்தது:

"9.10 ரவிக்கை வெட்டத் துணி விரிச்சேன். 9.20 போன், ஃபால்ஸ் தைக்க எவ்வளவுன்னு. 9.30 அளவு கொடுக்க ஒரு ஆள். 9.55 அந்தக் கலர் நூல் இல்ல, கடைக்குப் போனேன். 10.40 திரும்பி வந்தேன். வழியில மாமி. 10.50 பாக்கி காசு கொடுக்க ஒருத்தர், உட்கார்ந்து பேசினார். 11.15 துணி வெட்டினேன்."

விரித்த துணியை வெட்ட இரண்டு மணி நேரம். ஆனால் அந்த அக்கா மெதுவாக வேலை செய்கிறவர் இல்லை. கத்தரிக்கோலை எடுத்தால் பத்து நிமிடத்தில் வெட்டிவிடுவார். கத்தரிக்கோலை எடுக்கத்தான் யாரும் விடவில்லை. இப்போது வெட்டுவதெல்லாம் காலையில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு. அளவு எடுப்பது மாலை 4 மணிக்கு மேல். நூலும் கொக்கியும் வாங்குவது வாரத்தின் முதல் நாளில், ஆர்டர் நோட்டைப் பார்த்து ஒரே தடவையில். முணுமுணுத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சொன்ன தேதிக்கு ரவிக்கை கிடைப்பதால் அவர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால்தான் முன்னேற முடியும் என்கிறார்களே, உண்மையா?

நம்முடைய தாத்தா பாட்டி எல்லாரும் அந்த நேரத்தில்தான் எழுந்தார்கள். இருட்டோடு ரப்பர் தோட்டத்தின் பிரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், நின்று பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்கள் மர வரிசைக்கு, நிரைக்குப் போனார்கள். அதனால் யாரும் பணக்காரர் ஆனதாக எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் அப்படி எழுந்ததற்குக் காரணம் மரம். ரப்பர் மரப்பட்டையில் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னால் அதிகமாக இருக்கும். வெயில் ஏறினால் இலைகள் வழியாக மரம் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பால் வரத்தும் குறையும். எட்டு மணிக்கு மேல் நிதானமாகப் போய்க் கீறினால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் பால் கீறிய கோட்டிலிருந்து விலகி வழிந்து வீணாகும், அன்றைக்கு வெட்டு தள்ளிப்போகும், சில நாள் வெட்டே கிடையாது. ஆக, வேலைக்கு எது நல்ல நேரம் என்று மரமும் வானமும் முடிவு செய்தன. ஆள் வந்தாச்சா என்று பார்க்க மண்டோர் இருந்தார், எழுதி வைக்கக் கிராணி இருந்தார்.

டவுன் வேலையில் மரமும் இல்லை, மண்டோரும் இல்லை. அதனால் உங்கள் வேலையில் பால் எப்போது இறங்குகிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் காலை 8 முதல் 10.30 வரை. அந்த நேரத்தில் கூட்டிய கணக்கில் பிழை குறைவாக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டியதை மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும். முடிதிருத்தும் தம்பிக்கு மாலை 6 முதல் 9 வரைதான் வியாபாரமே. அவர் விடியற்காலையில் எழுந்து யாருக்கு முடி வெட்டப்போகிறார்?

இன்னொன்று. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொல்லும் 5 மணியும் நம்முடைய 5 மணியும் ஒன்றில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தி, சபா சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அதனால்தான் பேராக்கில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கோ அதற்குப் பிறகோ உதிக்கிறது. இங்கே 5 மணி என்பது நடு இருட்டு. ராத்திரி சீரியலும் போனும் முடித்து 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால், மதியம் கல்லாவில் தூங்கி விழ வேண்டியதுதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எழும் நேரத்தை மாற்ற நினைத்தால் முதலில் படுக்கும் நேரத்தை மாற்றுங்கள்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்றே தெரியவில்லை. ஒரு நாள் சீக்கிரம் முடிகிறது, ஒரு நாள் இழுத்துக்கொண்டே போகிறது.

இதில் எதிரெதிராக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

நேரம் நிறைய இருந்தால் வேலை அந்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இதற்குப் பார்க்கின்சன் விதி என்று பெயர். 1955இல் இதை எழுதிய நார்த்கோட் பார்க்கின்சன் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? பக்கத்தில்தான், சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக. அலுவலகங்களில் வேலை கூடாமலேயே ஆட்கள் மட்டும் கூடுவதைக் கேலி செய்யத்தான் எழுதினார். ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் அப்படியே பொருந்துகிறது. சனிக்கிழமை முழுக்க ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்வேன் என்று உட்கார்ந்தால் சனிக்கிழமை முழுக்கத்தான் ஆகும்.

இரண்டாவது, நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும். இந்தப் பழக்கத்துக்கு டேனியல் கானமன், ஆமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் ஒரு பெயரே வைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு ஆகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். நூல் தீர்ந்துபோவதும் மாமி எதிரில் வருவதும் அதில் சேராது. மருந்து ஒன்றுதான்: போன தடவை இதே வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். மனதில் தோன்றும் கணக்கை நம்பாதீர்கள், நோட்டில் இருக்கும் கணக்கை நம்புங்கள். வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும்போது அதற்கு மேல் ஒரு நாள் கூட்டிச் சொல்லுங்கள். உங்களுக்கு நீங்களே தேதி வைக்கும்போது கூட்டாதீர்கள்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை இருக்கிறதாமே?

பொமொடோரோ முறை. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. படிப்பு, கணக்கு, கடிதம் போன்ற உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு நல்லது. எஸ்பிஎம் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். கல்லாவில் நிற்கிறவருக்கும் ரொட்டிச் சானாய் வீசுகிறவருக்கும் இது உதவாது. வந்த வாடிக்கையாளரை 'இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது' என்று நிற்க வைக்க முடியுமா?

வாட்ஸ்அப்தான் என் நேரத்தைத் தின்கிறது. ஆனால் வியாபாரமே அதில்தான் நடக்கிறது. என்ன செய்ய?

நியாயமான கேள்வி. போனைத் தூக்கி அலமாரியில் வை என்று சொல்கிறவர்களுக்கு அதில் ஆர்டர் வருவதில்லை போலிருக்கிறது.

குழுக்களை எண்ணிப் பாருங்கள். குடும்பக் குழு, அம்மா வழிக் குழு தனியாக, தாமான் (குடியிருப்பு) குழு, கோயில் குழு, பிள்ளையின் வகுப்புக் குழு, தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்தவர்கள் குழு. ஆறு குழுவிலும் காலையில் அதே ரோஜாப்பூப் படம், அதே காலை வணக்கம். இவற்றை எப்போதைக்குமாகச் சத்தமில்லாமல் செய்து வையுங்கள். யாருக்கும் தெரியாது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குழுவை விட்டு வெளியேறினால்தான் பிரச்சினை, அடுத்த கல்யாணத்தில் கேட்பார்கள்.

வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பின் வியாபாரக் கணக்கில் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. "காலை 11, மதியம் 3, மாலை 7 மணிக்குச் செய்தி பார்ப்பேன். அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று எழுதி வையுங்கள். எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அவசரம் என்று அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கூப்பிடவே மாட்டார்கள்.

ஒரு செய்திதானே, பார்த்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்பலாம் என்று தோன்றும். கை திரும்பும், மனம் திரும்பாது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். நான் கணக்கு நோட்டில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சில வியாபாரிகள் எண்ணைப் பாதி எழுதிவிட்டுப் போனை எடுப்பார்கள். 1,450 என்பது 1,540 ஆகும் இடம் அதுதான்.

நான்கு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பாஸ் கூப்பிடுகிறார். இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

வேலை நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் இடையில் 30 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உள்ளவர்களுக்குச் சாதாரண நாளில் ஓவர்டைம் மணிக்கு ஒன்றரை மடங்கு. வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், முடியாது என்றால் காரணமும் சொல்ல வேண்டும். பலருக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியாது. சின்னப் பிள்ளை இருக்கிறது, ஈப்போவில் சாலை நெரிசலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும், அதனால் 8 முதல் 5 வரை செய்யட்டுமா என்று கேட்பதற்கு இதுவே வழி. வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

பாஸ் ராத்திரி கூப்பிடுவது பற்றி என் யோசனை: எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். நிறையப் பேர் கெட்ட எண்ணத்தில் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு நேரம் தெரிவதில்லை.

உறவுக்காரர்கள், கோயில் வேலை, கல்யாண வேலை. முடியாது என்று எப்படிச் சொல்வது?

இதுதான் உண்மையான கேள்வி. நம் ஊரில் ஒருவருடைய நேரம் அவருக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் இங்கே அடுப்பு எரியாது, எல்லாரும் அங்கேதான். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் கையில் காசு இல்லாமலும் காரியங்கள் நடந்தன. அதை நேர விரயம் என்று எழுதும் ஆலோசகர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உங்கள் வீட்டுக் காரியத்துக்குப் பந்தல் போட வந்தவரிடம் அவர் மணிக்கு எவ்வளவு சம்பாதிப்பார் என்றா கேட்டீர்கள்?

ஆனால் ஒரு வழி உண்டு. முடியாது என்று சொல்லாதீர்கள், 'பார்க்கலாம் மாமா' என்றும் இழுக்காதீர்கள். எவ்வளவு முடியும் என்று மணி சொல்லிப் பேசுங்கள். "சனிக்கிழமை 5 மணிக்கு வந்திடுறேன் மாமா. 7 மணி வரைக்கும் காய்கறி வெட்ட நிற்கிறேன், அப்புறம் கடைக்குப் போகணும்." சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன வேலையைச் செய்துவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரம் உருப்படியாக வேலை செய்தவரை யாரும் குறை சொல்வதில்லை. நாள் முழுக்கப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரைத்தான் சொல்வார்கள்.

கோயில் கமிட்டிக் கூட்டம் வேறு கதை. 8 மணி என்று போட்டால் 9 மணிக்குத் தொடங்கும், கணக்கு வாசிக்கும்போது சண்டை வரும். தலைவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முடியும் நேரத்தையும் அறிவிப்பில் போடச் சொல்லுங்கள். அது இருந்தால் பேச்சு சுருங்கும். பார்க்கின்சன் சொன்னதுதான்.

இழவு வீட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். கடையைச் சாத்திவிட்டுப் போங்கள்.

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறேன். மதியத்தோடு வேலை முடிகிறது. அதற்குப் பிறகு தூங்கித்தான் கழிகிறது. அந்த நேரத்தில் ஏதாவது செய்ய வேண்டாமா?

தூங்குங்கள் அண்ணே. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைத் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி வெட்டி, குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, உதிரிப் பழம் பொறுக்கி, இதையெல்லாம் வெயிலில் செய்கிறவரை இன்னும் ஏதாவது செய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் போகும். அதற்காகத்தான் உங்களை அவ்வளவு விரட்டுகிறார்கள். உடம்பு ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் இல்லை.

தூக்கம் அரை மணி நேரத்துக்குள் இருந்தால் எழும்போது தலை கனக்காது, ராத்திரித் தூக்கமும் கெடாது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி புரள்கிறீர்கள் என்றால் அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

வேலைக்கும் போகிறேன், வீட்டு வேலையும் நான்தான். நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

இந்தக் கேள்வியை இதுவரை ஆண்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

திட்டமிட்டு இதைத் தீர்க்க முடியாது. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்கிறார், அதற்கு எந்த அட்டவணை போட்டாலும் ராத்திரி 11 மணிக்குத்தான் முடியும். வீட்டில் நடக்கும் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். துணி காயப்போடுவது, மடிப்பது, பள்ளி உடுப்புக்கு இஸ்திரி போடுவது, எரிவாயுத் தோம்பு தீர்ந்தால் சொல்லி அனுப்புவது, பிள்ளையின் தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பது உட்பட. கடைசியில் சொன்னது போன்றவை யார் கண்ணிலும் படாத வேலை, அவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். அந்தத் தாளை நடுவில் வைத்து, எது யாருடையது என்று பெயர் எழுதுங்கள். 'உதவி செய்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். உதவி என்றால் பொறுப்பு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. இஸ்திரி அவருடையது என்றால் சட்டை கசங்கியிருந்தாலும் அவருடையதே, நீங்கள் போய் எடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் பிள்ளை கசங்கின சட்டையோடு பள்ளிக்குப் போகும். போகட்டும்.

மாதம் பாதி ஆனால் இபிஎப், சொக்சோ என்று தலை சுற்றுகிறது. வரி மாதம் வந்தால் தூக்கமே போகிறது.

என் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். ஊழியர் சேமநிதியும் (இபிஎப்), தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் போடும்போதே அந்த இரண்டையும் அதே உட்காரலில் செய்துவிடுங்கள், சம்பளத் தாள் எதிரில்தான் இருக்கும். 14ஆம் தேதி ராத்திரி தேடினால்தான் இருக்காது. வருமான வரியில் சம்பளக்காரர்களுக்கு ஏப்ரல் 30, வியாபாரிகளுக்கு ஜூன் 30.

ரசீதுகளைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு வருடக் கடைசியில் என்னிடம் கொட்டாதீர்கள். பாதி ரசீதுகளில் மை மறைந்து வெள்ளைத் தாளாகத்தான் வருகிறது. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நாளில், கடை சாத்தும் முன் இருபது நிமிடம் போதும். போனில் படம் எடுத்து வையுங்கள், எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

செய்ய வேண்டும் என்று தெரிகிறது. ஆனாலும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறேன்.

பெரும்பாலும் அந்த வேலை பெரிதாக இருக்காது, அதன் முதல் அடி என்ன என்று தெளிவாக இருக்காது. 'லைசென்ஸ் வேலை பார்க்கணும்' என்று எழுதினால் ஆறு மாதம் ஆனாலும் நடக்காது. 'செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட்டதும் நேராக நகராண்மைக் கழகத்துக்குப் போய்ப் பாரம் வாங்குவேன்' என்று எழுதினால் நடக்க வாய்ப்பு அதிகம். எப்போது, எது முடிந்ததும், எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் காட்டிய விஷயம்.

அதற்கு மேலும் மூன்று வாரம் தள்ளிப்போனால், அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு விருப்பமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், அல்லது பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

எந்த ஆப் நல்லது?

ஆப் எதுவும் வேண்டாம். 555 என்ற சின்னப் பாக்கெட் நோட்டு ஒன்று, பேனா ஒன்று, மறக்கக் கூடாததற்குப் போனில் அலாரம். நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள். நான்காவது தோன்றினால் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.